ஏசி திருத்தும் கடைக்கு எந்தச் செயலி பொருத்தம்? எட்டுப் பேரையும் ஓர் அணியாக்குவது எப்படி?

குளிர்காற்று_உவர்மலை கேட்டது:

வணக்கம். திருகோணமலை நகரில் ஏசியும் குளிர்சாதனப் பெட்டியும் திருத்தும் சிறிய கடை ஒன்றை நடத்துகிறேன். டெக்னீஷியன்கள் ஐந்து பேர், உதவியாளர்கள் இரண்டு பேர், தொலைபேசியையும் சிட்டைகளையும் பார்க்க ஒரு தங்கை. ஐவரில் இருவர் நகரத்துத் தமிழ்ப் பிள்ளைகள், இருவர் கிண்ணியாவிலிருந்து வருகிறவர்கள், ஒருவர் கந்தளாயைச் சேர்ந்த சிங்களத் தம்பி. கைவேலையில் எவரையும் குறை சொல்ல முடியாது.

வீடுகளும் வங்கிகளும் ஆண்டு முழுவதும் அழைத்தாலும் எங்கள் வருமானத்தைத் தீர்மானிப்பவை உப்புவெளியும் நிலாவெளியும்தான். மே முதல் செப்டம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும், புறாத்தீவுக்குப் படகுகள் ஓடும், அறைகள் நிரம்பும். ஆகவே சித்திரை பிறந்தவுடன் எல்லா விடுதிக்காரர்களும் ஒரே நேரத்தில் அழைக்கிறார்கள். உப்புக்காற்று வெளிப்பெட்டியின் அலுமினியத் தகடுகளை அரித்துவிடும். நகரத்துக்குள் ஆண்டில் இரண்டு தடவை கழுவினால் போதுமான பெட்டியைக் கடற்கரையில் அடிக்கடி நல்ல தண்ணீரால் கழுவ வேண்டியிருக்கிறது. வேலைக்குப் பஞ்சமில்லை, ஒழுங்குக்குத்தான் பஞ்சம்.

வேலைகள் அனைத்தும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் விழுகின்றன. காலை வணக்கப் படங்களுக்கும் குரல் பதிவுகளுக்கும் நடுவில் ஒரு விடுதியின் முறைப்பாடு புதைந்துபோகிறது. ஒரே இடத்துக்கு இரண்டு பேர் போய் நிற்கிறார்கள், இன்னோர் இடத்துக்கு எவருமே போவதில்லை. நிலாவெளிக்குச் சுமார் 15 கிலோமீற்றர் மோட்டார் சைக்கிளில் போன பிறகுதான் கொண்டுபோன வாயு உருளை அந்த இயந்திரத்துக்கு உரியதல்ல என்று தெரிகிறது. சில விடுதிகள் கடைக்கு அழைக்காமல் நேரே டெக்னீஷியனுக்கே அழைக்கின்றன. கடற்கரை வேலைக்குப் போகிறவருக்கு அன்பளிப்புப் பணம் கிடைக்கும், வங்கிக்குப் போகிறவருக்குக் கிடைக்காது. இதனால் ஒருவரோடு ஒருவர் முகம் கொடுத்துப் பேசாத நாட்களும் உண்டு.

கொழும்பிலிருந்து ஒருவர் மாதக் கட்டணம் டொலரில் செலுத்தும் மென்பொருள் ஒன்றைக் காட்டினார். அழகாகத்தான் இருக்கிறது. நண்பர் ஒருவரோ, எல்லோரையும் ஒரு நாள் கன்னியா வெந்நீரூற்றுக்கும் மார்பிள் பீச்சுக்கும் அழைத்துப்போ, ஒற்றுமை தானாக வரும் என்கிறார். இரண்டில் எதற்குக் காசு செலவழிக்கலாம்? சிறு தொழில் நடத்துகிறவர்களின் அனுபவம் வேண்டும்.

கிண்ணியா_மரவேலை எழுதியது:

சகோதரி, உங்கள் மேல் அமைதி உண்டாகட்டும். நான் தளபாடப் பட்டறை நடத்துகிறேன். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு நகரத்து ஓடர்கள் பெருகின. அப்போது எங்களுக்கும் இதே நெருக்கடிதான். எந்த அலுமாரி யாருடைய கையில் இருக்கிறது, எது வார்னிஷுக்குக் காத்திருக்கிறது என்று எவருக்கும் தெரியாது.

சுவரில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டுங்கள். ஐந்து நிரல்கள் கீறுங்கள்: வந்தது, நாள் குறித்தது, கையில் இருப்பது, சாமானுக்குக் காத்திருப்பது, முடிந்தது. ஒரு வேலைக்கு ஒரு சிறு அட்டை. அட்டையில் இடம், பழுது, யாருடைய பொறுப்பு என்ற மூன்று விடயங்கள் போதும். வேலை நகர நகர அட்டையும் நகர வேண்டும். 1950களில் டொயோட்டா தொழிற்சாலையில் தாயிச்சி ஓனோ வளர்த்தெடுத்த கன்பான் முறையின் சாரம் இதுதான். பெரிய தொழிற்சாலைக்கு வந்த முறை என்று தயங்க வேண்டாம், ஆறு பேருள்ள பட்டறையில் அது இன்னும் நன்றாக வேலை செய்கிறது.

அந்த முறையில் பலரும் விட்டுவிடுகிற பகுதி ஒன்று இருக்கிறது. ஒருவர் கையில் ஒரே நேரத்தில் இத்தனை வேலைக்கு மேல் இருக்கக்கூடாது என்ற வரம்பு அது. உங்கள் டெக்னீஷியனுக்கு இரண்டு என்று வையுங்கள். மூன்றாவதைத் தொட வேண்டுமானால் முதல் இரண்டில் ஒன்று முடிந்திருக்க வேண்டும், அல்லது சாமானுக்குக் காத்திருக்கும் நிரலுக்குப் போயிருக்க வேண்டும். பாதி திறந்த வேலைகள் ஊர் முழுக்கச் சிதறிக் கிடப்பதை இந்த ஒரு விதியே நிறுத்திவிடும். பணம் எங்கே முடங்கியிருக்கிறது என்பதையும் சாமான் நிரலைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

பலகை போதவில்லையென்றால் ட்ரெல்லோ செயலியில் இதே பலகையைத் தொலைபேசியிலேயே வைத்துக்கொள்ளலாம். இலவசத் திட்டத்தில் பத்துப் பேர் வரை சேரலாம். உங்களையும் சேர்த்து ஒன்பது பேர்தானே.

நிலாவெளி_வரவேற்பறை எழுதியது:

சகோதரி, நான் நிலாவெளியில் கடற்கரையை அண்டிய சிறு விடுதி ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். உங்களைப் போன்ற கடைக்கு அழைப்பு எடுக்கிறவள் நான்தான். ஆகவே மேசையின் மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

நண்பகல் ஒன்றரைக்கு விருந்தினர் பயணப்பையோடு வந்து நிற்பார்கள், அறை எண் ஏழில் ஏசி சூடான காற்றை ஊதும். அந்த நேரத்தில் எனக்கு வேண்டியவை மூன்று: வருகிறவரின் பெயர், வரும் நேரம், முடிந்த பிறகு ஒரு படம். பெயரும் நேரமும் தெரிந்தால் விருந்தினரை வேறு அறைக்கு மாற்றுவதா, இளநீர் கொடுத்து ஒரு மணிநேரம் உட்காரவைப்பதா என்று என்னால் முடிவெடுக்க முடியும். "இன்று வருவார்கள்" என்ற பதிலை வைத்துக்கொண்டு என்னால் எதுவும் செய்ய முடியாது. நாங்கள் நேரே டெக்னீஷியனுக்கு அழைப்பதற்குக் காரணமும் இதுதான். அவர் "அக்கா, மூன்று மணிக்கு நிற்பேன்" என்பார், கடை அப்படிச் சொல்வதில்லை. கடையும் அப்படிச் சொல்லத் தொடங்கினால் நாங்கள் கடைக்கே அழைப்போம். விடுதிகளைக் கண்டித்து இதை மாற்ற முடியாது.

ஆகவே செயலியைத் தேர்வதற்கு முன் ஒன்றை முடிவு செய்யுங்கள். ஒரு வேலை கடைக்குள் வந்ததும் அதற்கு யார் பெயர் போடுவது? என் கருத்தில் அந்த அதிகாரம் முழுவதும் தொலைபேசியில் இருக்கும் தங்கையிடம் இருக்க வேண்டும். நீங்கள் முதலாளியாக இருந்தாலும் இடையில் புகுந்து ஆளை மாற்றக்கூடாது. மாற்ற வேண்டியிருந்தால் அவரிடம் சொல்லி, அவர் கையால் மாற்றப்பட வேண்டும். இது தீராதவரை எந்த மென்பொருளை வாங்கினாலும் குழப்பம் வாட்ஸ்அப்பிலிருந்து மென்பொருளுக்கு இடம் மாறுமே தவிர, குறையாது.

வாட்ஸ்அப்பையே கொஞ்சம் ஒழுங்காகப் பயன்படுத்தலாம். கடைக்கென்று தனி இலக்கம் எடுத்து அதில் வாட்ஸ்அப் பிசினஸ் போடுங்கள், அது இலவசம். ஒரே கணக்கை முதன்மைத் தொலைபேசியோடு மேலும் நான்கு சாதனங்களில் இணைக்க முடியும் என்பதால் தங்கையின் கணினியிலும் உங்கள் கையிலும் ஒரே உரையாடல் தெரியும். ஒவ்வொரு வாடிக்கையாளர் உரையாடலுக்கும் நிறத்தோடு லேபிள் ஒட்டலாம்: புதியது, ஆள் குறித்தது, சாமான் தேவை, பணம் வரவேண்டும். நாங்கள் அறை முன்பதிவுகளுக்கு இதைத்தான் செய்கிறோம். ஊழியர் குழுவை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்றில் தங்கை மட்டும் எழுதுவார், மற்றவர்கள் வாசிப்பார்கள். குழு அமைப்புகளில் நிர்வாகி மட்டும் செய்தி அனுப்பலாம் என்ற தெரிவு இருக்கிறது. மற்றக் குழுவில் பிள்ளைகள் தாராளமாகக் காலை வணக்கம் சொல்லட்டும், அதைத் தடுக்க வேண்டாம். ஒரு கடையில் மனிதர்கள் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்வது நல்ல விடயம்.

கிண்ணியாச் சகோதரர் சொன்ன பலகையோடு எனக்குப் பாதி உடன்பாடுதான். உங்கள் பிள்ளைகள் நாள் முழுக்க வெளியில். குச்சவெளிப் பக்கம் நிற்கிறவருக்குச் சுவர்ப் பலகை தெரியாது. பலகை தங்கைக்கும் உங்களுக்கும், தொலைபேசி அவர்களுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வாயு உருளை. இதற்குத் தேவை ஓர் இயந்திரப் பதிவேடு. கூகுள் ஷீட்ஸில் ஒரு தாள்: விடுதி, அறை எண், தயாரிப்பு, குளிரூட்டும் திறன் எத்தனை பி.ரி.யு., வாயு ஆர்22ஆ ஆர்410ஏயா ஆர்32ஆ, கடைசியாகக் கழுவிய திகதி, கடைசியாக மாற்றிய உதிரிப்பாகம். ஒவ்வொரு வெளிப்பெட்டியிலும் அழியாத மையால் ஓர் எண் எழுதுங்கள். நான் அழைக்கும்போது "எண் 212" என்றால் போதும், எந்த உருளை கொண்டுபோக வேண்டும் என்று தங்கைக்குத் தெரிந்துவிடும். இந்தப் பதிவேட்டைச் சித்திரையில் தொடங்க முடியாது. கார்த்திகை மார்கழியில் மழை கொட்டும், எங்கள் அறைகள் வெறுமையாக இருக்கும். அப்போது வாருங்கள், கதவுகளைத் திறந்துவிடுகிறோம். அந்தத் தாள் கையில் இருந்தால் அடுத்த பங்குனியில் நீங்களே எங்களை அழைத்து "உங்கள் நான்கு பெட்டிகளுக்குக் கழுவும் காலம் வந்துவிட்டது" என்று சொல்லலாம். சித்திரை நெரிசலில் பாதி பங்குனிக்கு நகர்ந்துவிடும். நீங்கள் கேட்ட கேள்விகள் எல்லாவற்றிலும் பணம் கொண்டுவரக்கூடியது இந்த ஒன்றுதான் என்று நம்புகிறேன்.

ஒற்றுமை பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதில் எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது. மார்பிள் பீச்சுக்கு அழைத்துப்போங்கள், நன்றாகச் சாப்பிடட்டும், அதில் தவறில்லை. ஆனால் உருளை மாறிப்போன அன்று அந்தப் பிள்ளை உங்களிடம் என்ன சொல்கிறான் என்பதில்தான் அணி இருக்கிறதா இல்லையா என்று தெரியும். "அக்கா, தவறான உருளையைக் கொண்டுவந்துவிட்டேன்" என்று பத்து நிமிடத்துக்குள் அழைத்துச் சொல்கிறானா, அல்லது "விடுதியில் ஆள் இல்லை, நாளை வரச் சொன்னார்கள்" என்கிறானா? இரண்டாவதைச் சொல்கிறான் என்றால் முதலாவதைச் சொன்னவனுக்கு முன்பு என்ன நடந்தது என்று யோசிக்க வேண்டும். பெட்ரோல் காசு சம்பளத்தில் வெட்டப்பட்டதா? எல்லோர் முன்னிலையிலும் ஏச்சு விழுந்ததா?

அமெரிக்கப் பேராசிரியர் ஏமி எட்மன்சன் மருத்துவமனைகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்து 1996இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று இருக்கிறது. நல்ல தலைமை உள்ள பிரிவுகளில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவான எண்ணிக்கையோ அங்கேதான் அதிகமாக இருந்தது. அந்தப் பிரிவுகளில் தாதியர் பயமில்லாமல் தவறுகளை வெளியே சொன்னார்கள் என்பதே அவர் கண்ட விளக்கம். பிறகு கூகுள் நிறுவனம் தன்னுடைய 180 அணிகளை ஆராய்ந்தபோதும் இந்தப் பயமின்மைதான் முதலிடத்துக்கு வந்தது. எங்கள் விடுதியில் படுக்கை விரிப்பைக் கறையாக்கிய பிள்ளை உடனே வந்து சொன்னால் கறை போய்விடும், மறுநாள் சொன்னால் விரிப்பே போய்விடும். அதனால் சொன்னவருக்கு எங்களிடம் அபராதம் கிடையாது. மறைத்தவரோடு மட்டும் தனியாகப் பேசுவோம்.

கணக்குக்கொப்பி_திருமலை எழுதியது:

மேலே இருவரும் நல்லவற்றைச் சொல்லிவிட்டார்கள். சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் விடுபட்டவற்றை மட்டும் சொல்கிறேன்.

டொலர்க் கட்டணம்: 2022 தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் அதே ஆண்டு மே மாதத்தில் 360 ரூபாய் அளவுக்குப் போனது. ரூபாயில் உழைக்கும் கடை, தன் அன்றாட வேலைப் பட்டியலை டொலர்ச் சந்தாவில் தொங்கவிடுவது எனக்குப் பிடிக்கவில்லை. வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், உங்கள் வாடிக்கையாளர் பட்டியலை எப்போது வேண்டுமானாலும் எக்செல் கோப்பாக இறக்கிக்கொள்ள முடியுமா என்று முதலில் கேளுங்கள். முடியாது என்றால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

கூகுள் தாள் தங்கையின் சொந்த மின்னஞ்சலில் இருக்கவே கூடாது. கடையின் பெயரில் ஒரு கணக்கு திறந்து, கடவுச்சொல்லையும் மீட்புத் தொலைபேசி இலக்கத்தையும் நீங்கள் வைத்திருங்கள். தங்கை திருமணமாகி வேறு ஊருக்குப் போனால் உங்கள் ஐந்து வருடப் பதிவேடும் அவரோடு போய்விடும். யாராவது தவறுதலாக ஒரு நிரலை அழித்துவிட்டால் பதிப்பு வரலாறு என்ற பகுதிக்குள் சென்று பழைய நிலைக்குத் திருப்பலாம். இதை எல்லோருக்கும் காட்டிக்கொடுங்கள், தாளைத் தொடும் பயம் போய்விடும்.

அன்பளிப்புப் பணத்தை ஒரு பெட்டியில் போட்டு மாத முடிவில் பகிரும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. நீங்களாகச் சட்டம் போடாதீர்கள், அது அவர்களுடைய பணம். அவர்களே உட்கார்ந்து பேசி முடிவெடுக்கட்டும். நீங்கள் செய்யக்கூடியது வேறொன்று: கடற்கரை வேலைகளைச் சுழற்சியில் கொடுப்பது. யார் எந்த வாரம் நிலாவெளி என்று தாளிலேயே தெரிந்தால் பொறாமைக்கு இடம் குறையும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரிடமிருந்து 8 சதவீதம், உங்களிடமிருந்து 12 சதவீதம். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு நீங்கள் 3 சதவீதம். ஒரே ஓர் ஊழியர் இருந்தாலும் இது பொருந்தும். அடுத்த மாத முடிவுக்குள் கட்டவில்லையென்றால் மேலதிகக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். சிறு கடைகளில் நான் அடிக்கடி காண்பது, நல்ல டெக்னீஷியன் ஒருவன் திடீரென்று விலகிப்போவது. விசாரித்தால் வங்கியில் வீட்டுக் கடன் கேட்கப் போன இடத்தில் சேமலாப நிதிக் கூற்றில் ஆறு மாதம் வெறுமையாக இருந்திருக்கும். அவனை எந்தச் சுற்றுலாவாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. மாதந்தோறும் கட்டிய பற்றுச்சீட்டின் படத்தை அந்த வாசிக்கும் குழுவில் போடுங்கள்.

குளிர்காற்று_உவர்மலை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. டொலர் மென்பொருள் இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டேன். தனி இலக்கம், இரண்டு குழுக்கள், பெயர் போடும் அதிகாரம் தங்கையிடம் என்பவற்றை இந்த வாரமே தொடங்குகிறேன். பதிவேட்டை நகரத்து வாடிக்கையாளர்களோடு ஆரம்பித்து, கடற்கரைப் பெட்டிகளை மழைக்காலத்தில் சேர்த்துக்கொள்கிறேன். சேமலாப நிதி ஒழுங்காகத்தான் கட்டப்படுகிறது. படம் போடும் யோசனை மிகவும் பிடித்திருக்கிறது.

இரண்டு சந்தேகங்கள். கந்தளாய்த் தம்பி தமிழ் நன்றாகப் பேசுவார், வாசிக்க மாட்டார். தாளை எந்த மொழியில் வைப்பது? இரண்டாவது வெள்ளிக்கிழமை. கிண்ணியாப் பிள்ளைகள் ஜும்ஆவுக்குப் போகிற நேரத்தில்தான் விடுதிகளில் புதிய விருந்தினர் வருகிறார்கள். அவர்களிடம் கேட்கவும் சங்கடமாக இருக்கிறது, கேட்காமல் விட்டால் மற்றவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

நிலாவெளி_வரவேற்பறை எழுதியது:

மொழிக்கு வழி எளிது. எழுத்தைக் குறையுங்கள். பழுதுகளுக்கு எண் கொடுங்கள்: 1 குளிரவில்லை, 2 தண்ணீர் சொட்டுகிறது, 3 சத்தம், 4 இயங்கவே இல்லை. வாயுவுக்கு நிறம். எண்ணும் நிறமும் எல்லோருக்கும் பொது. கூடுதல் விளக்கம் வேண்டிய இடத்தில் தங்கை இருபது விநாடிக் குரல் பதிவு ஒன்றை அந்தத் தம்பிக்குத் தனியாக அனுப்பட்டும். பிரச்சினை குரல் பதிவில் இருக்கவில்லை, அது குழுவில் கலந்து விழுந்ததில் இருந்தது. முடிந்த வேலைக்கு அறிக்கை எழுதச் சொல்ல வேண்டாம். வெளிப்பெட்டியின் எண் தெரியும்படி ஒரு படம், அறைக்குள் வெப்பமானி காட்டும் அளவு ஒரு படம். எனக்கும் அந்த இரண்டு படங்களே போதும், பணத்தை அன்றே அனுப்பிவிடுவேன்.

கிண்ணியா_மரவேலை எழுதியது:

வெள்ளிக்கிழமை பற்றி நான் சொல்வதுதான் முறை. நீங்கள் தாராளமாகக் கேட்கலாம் சகோதரி, எங்கள் பிள்ளைகள் தவறாக எடுக்க மாட்டார்கள். வெள்ளி பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை அவர்களுடைய பெயருக்கு நேரே தாளில் முன்கூட்டியே அடைத்துவிடுங்கள். ஒவ்வொரு வாரமும் அனுமதி கேட்கும் நிலை இருக்கக்கூடாது, மற்றவர்கள் அதைச் சலுகையாகப் பார்ப்பதற்கு அதுதான் காரணம். அந்த இரண்டு மணிநேரத்துக்கு நகரத்துப் பிள்ளைகளில் ஒருவரையும் கந்தளாய்த் தம்பியையும் நிலாவெளிப் பக்கமே நிற்கவையுங்கள். பதிலுக்குத் தைப்பொங்கலுக்கும் வெசாக் போயாவுக்கும் அவசர அழைப்புகளை எங்கள் பிள்ளைகள் பார்ப்பார்கள். பெருநாள் அன்று மற்ற மூவரும் பார்க்கட்டும். ஆண்டு நாட்காட்டியை விரித்து, ஐந்து பேரையும் ஒன்றாக உட்காரவைத்து, அவர்கள் கையாலேயே இதை நிரப்பச் சொல்லுங்கள்.